அடுக்களைப் பக்கம்: அஸருக்கு முன் அணையட்டும் அடுப்பு

 

ஷஃபான் பிறை தென்பட்டுவிட்டால் இப்பக்கத்திற்கு வருகின்ற கடிதங்களின் மணமே மாறிவிடும். சமோசாவின் ஓரம் எண்ணெயில் பிரிந்துபோவது ஏன், கடற்பாசி இறுகாமல் கூழாக நிற்பது ஏன், வாடைக்குப் பச்சரிசியா புழுங்கலரிசியா என்றெல்லாம் கேட்டெழுதுவீர்கள். இம்முறை வந்தவற்றுள் ஒரு கடிதம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதை இரண்டு முறை படித்தேன். மயிலாடுதுறைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கணவர் வளைகுடாவில். வீட்டில் மாமா, மாமி, கல்லூரிக்குச் செல்லும் கொழுந்தன், மூன்று பிள்ளைகள், தாம் ஒருவர் என ஏழு பேர். காலையில் மழலையர் பள்ளியில் ஆசிரியை வேலை. சென்ற ரமளான் மாதத்தில் ஒரு ஜுஸ்உ கூடத் தம்மால் முழுமையாக ஓத முடியவில்லை என்று எழுதுகிறார். லுஹர் தொழுத கையோடு அடுப்படிக்குள் நுழைந்தால், மஃரிபு பாங்கு ஒலிக்கும்போது வாணலியின் முன் நின்றபடியே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொள்வாராம். இருபத்தேழாம் இரவில் தஸ்பீஹ் மணியைக் கையில் எடுத்தவர், சுவரில் சாய்ந்தபடியே உறங்கிப்போய், ஸஹருக்கு மாமி எழுப்பியபோதுதான் விழித்தாராம். இந்த ஆண்டும் இப்படியே கழியுமா என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

எந்தச் சமையற்குறிப்பையும் அவர் கேட்கவில்லை. எனினும் இக்கேள்விக்கு அடுப்படியிலிருந்தே விடை சொல்ல முடியும் என்று கருதுகிறேன். இம்மாதப் பக்கம் முழுவதும் அவருக்கும், அவரைப் போல எழுதாமல் இருந்துவிட்ட பலருக்கும் உரியது.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். நோன்பு திறக்கும் ஸுஃப்ராவில் நம் வீடுகளில் என்னென்ன வைக்கிறோம்? கஞ்சி, வடை, சமோசா, கட்லெட், கடற்பாசி, சர்பத், பழம். அதன்பின் தராவீஹ் முடிந்து வருவோருக்கு இரவுச் சாப்பாடு. அதன்பின் ஸஹர். பன்னிரண்டு மணி நேரத்திற்குள் மூன்று சமையல். அம்மூன்றையும் ஆக்குகின்ற கைகளும் நோன்பு வைத்த கைகளே! நபி (ஸல்) அவர்களின் இல்லங்களில் மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கப்படாமல், பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாக இருந்த காலத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரியின் மகன் உர்வாவிடம் எடுத்துரைத்த செய்தி நாமெல்லாரும் அறிந்ததே. அதற்காக இன்று பேரீச்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் நோன்பு வைத்த பிள்ளைக்குச் சூடான வடையை நீட்டுகிற மகிழ்ச்சியை நானும் அறிவேன். ஆனால் ஒரு நாளைக்கு எண்ணெயில் பொரித்தது ஒன்று போதும். இன்று வடையென்றால் நாளை சமோசா. இந்த ஒரு முடிவை வீட்டார் அனைவரும் கூடி எடுத்துவிட்டால், இனி நான் எழுதப்போகும் உபாயங்களில் பாதிகூடத் தேவைப்படாது.

சரி, கஞ்சிக்கு வருவோம்.

நோன்புக் கஞ்சியில் நேரத்தை உண்பது கொதிக்கும் நேரமன்று. அரிசியை உடைப்பது, பருப்பை வறுப்பது, வெந்தயத்தைத் தேடுவது, இஞ்சி பூண்டு உரிப்பது என்று முப்பது நாளும் அதே வேலையை முப்பது தடவை செய்கிறோமே, அதுதான் நேரத்தை உண்கிறது. ஷஃபான் மாதக் கடைசி வாரத்தில் ஒரு முற்பகல் ஒதுக்குங்கள். 4 கிலோ பச்சரிசிக் குருணை, வாசம் வரும் அளவுக்கு மட்டும் வறுத்து முற்றிலும் ஆறவிட்ட பாசிப்பருப்பு 1 கிலோ, வெந்தயம் 75 கிராம் ஆகியவற்றைக் கல், தூசி நீக்கி ஒன்றாகக் கலந்து, ஈரமில்லாத பெரிய டின்னில் அடைத்துவிடுங்கள். ஏழு பேருள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு தம்ளர் கலவை போதும். 200 மில்லி தம்ளரால் அளந்தால் இந்த டின் ஏறத்தாழ மாதம் முழுவதற்கும் வரும்.

கறி சேர்ப்போர் வாரத்திற்கு ஒருமுறை 1 கிலோ கொத்துக்கறியை இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புடன் அதன் நீரிலேயே வேகவைத்து, நன்கு சுண்டியபின் ஆறவிட்டு, ஏழு பொட்டலங்களாக ஃபிரிட்ஜின் மேலறையில் உறையவைத்துவிடலாம். நாளைக்கு வேண்டியதை முந்தைய இரவே கீழறைக்கு மாற்றிவிட்டால் மறுநாள் இளகியிருக்கும். இளகியதை மீண்டும் உறையவைக்க வேண்டாம். நீண்ட மின்வெட்டில் தானாக இளகிவிட்டாலும் அவ்வாறே.

இஞ்சி பூண்டு விழுதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பூண்டை அரைத்து எண்ணெய் ஊற்றி அலமாரியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று சிலர் நம்புகிறார்கள். எண்ணெய்க்குள் காற்றுப் புகாத இடத்தில் நஞ்சு உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். அதன் வாடையோ நிறமோ நமக்குக் காட்டிக்கொடுக்காது. ஆகவே அரைத்ததைப் பனிக்கட்டித் தட்டின் குழிகளில் நிரப்பி உறையவைத்து, கட்டிகளாகப் பெயர்த்து ஒரு பையில் போட்டு மேலறையிலேயே வைத்திருங்கள். ஒரு கட்டி ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி. மூன்று நான்கு நாட்களுக்கு வேண்டியதை மட்டும் கீழே வைத்துக்கொள்ளலாம்.

இனி அன்றாட வேலை. அஸருக்கு அரைமணி நேரம் இருக்கையில் 5 லிட்டர் குக்கரை அடுப்பில் ஏற்றுங்கள். இரண்டு கரண்டி எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம், ஒரு துண்டு ரம்பை இலை. வெங்காயம் ஒன்று, தக்காளி ஒன்று, பச்சைமிளகாய் இரண்டு, விழுதுக் கட்டி ஒன்று, கை நிறையப் புதினாவும் மல்லித்தழையும், கறிப் பொட்டலம், மஞ்சள். வதங்கியதும் கழுவிய கலவை ஒரு தம்ளர், நீர் எட்டுத் தம்ளர், உப்பு. குக்கரில் பாதிக்கு மேல் நிறையக்கூடாது. கஞ்சி நுரைத்தெழும் இனம், ஆவி வெளியேறும் துளையை அடைத்துக்கொள்ளும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கிப் பத்து நிமிடம். அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைத் தொடாமல், குக்கரின் மேல் ஒரு தடித்த துணியைப் போர்த்திவிட்டு ஒளுச் செய்யப் போங்கள்.

ஷாஃபிஈ மத்ஹபினருக்கு அஸர் சற்று முன்னும் ஹனஃபி மத்ஹபினருக்குச் சற்றுப் பின்னும் வருவதால், மஃரிபுக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் வரை உங்கள் கையில் இருக்கும். குருணையும் பருப்பும் அச்சூட்டிலேயே குழைந்துகொண்டிருக்கும். வெந்தயம் தன் வழவழப்பை விட்டுக் கஞ்சியைச் சேர்த்துப் பிடிக்கும். பாங்குக்குக் கால்மணி நேரம் முன்பு திறந்து, வெந்நீர் ஒரு தம்ளரும் தேங்காய்ப்பால் ஒரு தம்ளரும் விட்டு, ஒரு கொதி கொதிக்கவிட்டு இறக்குங்கள். தேங்காய்ப்பாலை முன்கூட்டியே ஊற்றிவைத்தால் திரியும், புளிக்கவும் செய்யும். அதனாலேயே கடைசிக்கு விட்டேன். அந்த இரண்டு மணி நேரம் உங்களுக்குரியது. ஓதுங்கள், ஓய்ந்து படுங்கள், பிள்ளைக்கு ஸூராச் சொல்லிக்கொடுங்கள். கஞ்சி உங்களைக் கூப்பிடாது.

தீயைச் சிறிதாக்கச் சொன்னதும் சிலருக்கு மனம் ஒப்பாது. பெரிய தீ வைத்தால்தானே விரைவில் வேகும் என்பார்கள். கொதி வரும் வரைக்கும் அது உண்மை. கொதி வந்தபின் அன்று. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. அதற்குமேல் எத்தனை தீ வைத்தாலும் நீர் அதைவிடச் சூடாவதில்லை. ஆவியாகிக் குறைகிறது, அவ்வளவே. குக்கருக்குள் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் கொதிநிலை ஏறத்தாழ 120 பாகைக்கு உயர்கிறது. எலும்புக்கறி முக்கால் மணியில் வேகாதது அரைமணிக்குள் வெந்துவிடுவது இதனால்தான். ஆனால் விசில் என்பது என்ன? வேண்டிய அழுத்தத்திற்குமேல் சேர்ந்த ஆவியை வெளியே தள்ளுகிற ஓசை. ஆகவே ஆறு விசில், எட்டு விசில் என்று எண்ணுவது, காசு கொடுத்து வாங்கிய எரிவாயுவைக் கூரைக்கு அனுப்பிவிட்டு அதை எண்ணிக்கொண்டிருப்பதுதான். முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் நிமிடக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சமைக்கிறாளே என்று யாரேனும் சிரித்தால் சிரிக்கட்டும்.

மேலும் சில சிறு செய்திகள். தீ பாத்திரத்தின் அடியைவிட்டு விலாவில் ஏறினால் அது சமையலறையைச் சூடாக்குகிறது, சமையலையன்று. தீயின் நிறம் மஞ்சளானால் பர்னரில் அடைப்பு. கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட மறந்துவிட்டால் ஆப்பச்சோடாவை நாடாதீர்கள். அன்றைக்குக் கொண்டைக்கடலை வேண்டாம், பாசிப்பயறு ஆகட்டும். புதிய சிலிண்டர் மாட்டிய தேதியை அடுப்படி நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 14.2 கிலோ எத்தனை நாள் வருகிறது என்பதை ரஜபிலும் ரமளானிலும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. மின்தூண்டல் அடுப்பு வைத்திருப்போர்க்கும் மூடி போடுதலும் கொதி வந்தபின் குறைத்தலும் பொருந்தும்.

இரவுச் சாப்பாடும் ஸஹரும் இதைவிட எளிது. ஒரே ஒரு நாள் உழைப்பைக் கேட்கும். 2 கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, கால் லிட்டர் எண்ணெயில் உப்புத் தூவி வதக்குங்கள். உப்பு நீரை வெளியேற்றும், வெங்காயம் விரைவில் வதங்கும். பொன்னிறம் வந்ததும் விழுதுக் கட்டிகள் எட்டுப் பத்து, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், பின் 1 கிலோ தக்காளி. எண்ணெய் பிரியும் வரை, ஏறத்தாழ முக்கால் மணி நேரம். ஆறியபின் பத்துச் சிறு டப்பாக்களில் பங்கிட்டு உறையவையுங்கள். அரிவதற்குக் கொழுந்தனையும் மூத்த பிள்ளையையும் அழைத்துக்கொள்ளலாம். கண்ணீர் எல்லாருக்கும் பொது.

இந்த ஒரு டப்பாவுக்குள் எத்தனை ஆணம் இருக்கிறது பாருங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, கொதித்ததும் அரைக்கிலோ மீனைப் போட்டு, பத்து நிமிடம் கழித்துத் தேங்காய்ப்பால் விட்டால் மீனாணம். நீர் விட்டுக் கொதிக்கையில் முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துவிட்டு, கிளறாமல் மூடிவைத்தால் முட்டையாணம். சோம்பும் கசகசாவும் ஒரு பிடி தேங்காயும் அரைத்துச் சேர்த்தால் பரோட்டாவுக்குச் சால்னா. வேகவைத்த துவரம்பருப்பும் கத்தரிக்காயும் இரண்டு கீற்று மாங்காயும் சேர்ந்தால் தாளிச்சாவுக்கு மிக அருகில் வந்துவிடும். எலும்பில்லாத தாளிச்சா தாளிச்சாவே அன்று என்று கூறுவோருடன் நான் வாதிடமாட்டேன். அவர்கள் சொல்வது சரி. ஊறிய சீரகச்சம்பா இரண்டு தம்ளர், நீர் மூன்று தம்ளர், ஒரு டப்பா, புதினா. குக்கரில் வைத்தால் இருபது நிமிடத்தில் தக்காளிச் சோறு. விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது தொடங்கினால், அவர் மஃரிபு ஸுன்னத் முடிப்பதற்குள் ஆகிவிடும்.

சமோசாவுக்கு மாவு பிசைந்து, இட்டு, மடிக்க நேரமில்லாத நாட்களில் குழிப்பணியாரச் சட்டியை எடுங்கள். மிஞ்சியிருக்கும் இட்லி மாவில் பச்சைமிளகாயும் மல்லித்தழையும் கலந்து, குழியில் பாதி ஊற்றி, நடுவே ஒரு சிட்டிகை கொத்துக்கறி வைத்து, மேலே சிறிது மாவு விட்டு மூடுங்கள். குழிக்கு நான்கைந்து துளி எண்ணெய் போதும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே கறி. நோன்பு திறந்ததும் எண்ணெய்ப் பண்டத்தால் வரும் நெஞ்செரிச்சல் வயோதிகர்களுக்கு இதில் குறையும். வாணலியில் ஊற்றிய அரை லிட்டர் எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சிக் கறுப்பாக்குகிற கவலையும் இல்லை. உளுந்துவடை மாவையும் இவ்வாறே சுடலாம். வட்டம் இராது, துளை இராது, பிள்ளைகள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் நாள் தட்டில் மிச்சமிராது.

கடற்பாசி இறுகவில்லை என்று கேட்ட சகோதரிகளுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டருக்கு 10 கிராம், அரைமணி ஊறவைத்து, இழை தெரியாமல் கரையும் வரை கொதிக்கவிட வேண்டும். எலுமிச்சை போன்ற புளிப்புச் சாறுகளைக் கூடவே கொதிக்கவைத்தால் இறுகும் தன்மை குன்றும், இறக்கியபின் சேருங்கள். முந்தைய இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

ஸஹர் நேரத்தில் எழுந்து மூன்று பர்னரிலும் மூன்று பாத்திரம் ஏற்றுவது கூடாத காரியம். அடுக்குப் பாத்திரம் கொண்ட குக்கரின் அடித்தட்டில் பருப்பு, நடுத்தட்டில் அரிசி, மேல்தட்டில் கழுவிய முட்டைகள். ஒரே தீயில் மூன்றும் ஆகும். அரிசியையும் பருப்பையும் படுக்குமுன் ஊறப்போட்டு, உறைந்த டப்பா ஒன்றைக் கீழறைக்கு மாற்றிவைத்தால் எழுந்தபின் கத்திக்கே வேலையில்லை. சோறு வேண்டாமென்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு, ஆறு பேரீச்சம்பழத்தை விதை நீக்கி இரவே ஃபிரிட்ஜில் பாலில் ஊறவைத்து, விடியலில் ஒரு வாழைப்பழத்தோடு மிக்ஸியில் அடித்துக் கொடுங்கள்.

முந்தைய இரவு மிஞ்சிய சோற்றை ஸஹருக்கு உண்பதானால், ஆக்கிய இரண்டு மணி நேரத்திற்குள் அது ஃபிரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். எடுத்தபின் ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் உண்டாகும் நஞ்சு சூடாக்கினாலும் போவதில்லை. மிஞ்சிய இடியாப்பத்தையும் ரொட்டியையும் பிய்த்துப் போட்டு, அரை டப்பா மசாலையும் இரண்டு முட்டையும் சேர்த்துக் கொத்திவிட்டால், அது மிச்சம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இவ்வளவும் எழுதிய பின், அச்சகோதரியின் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தடுத்து நிறுத்துகிறது. ஃபிரிட்ஜில் வைத்த விழுதை மாமி ஒப்பமாட்டாராம். அன்றன்று அம்மியில் வைத்தால்தான் கஞ்சிக்கு மணம் என்பாராம். சகோதரியே, மாமியின் நாவு பொய் சொல்லவில்லை. அம்மியில் அரைத்ததன் மணம் வேறுதான். அதை மறுத்துப் பேசி வெல்ல முயலாதீர்கள். மாறாக, அவருடைய இளமையில், விறகு நனைந்திருந்த மழைநாளில், ஆண்கள் கொழும்புக்கோ மலாயாவுக்கோ போய்விட்ட வீட்டில், திடீரென்று பத்துப் பேர் வந்து நின்றால் என்ன ஆக்குவார் என்று கேளுங்கள்.

அவர் மாசியைச் சொல்வார். நம் பாட்டிமார் வைத்திருந்த விரைவு உணவு அதுதான். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைத்த மாசி, மாலத்தீவிலிருந்தும் இலட்சத்தீவுப் பக்கத்திலிருந்தும் நம் கடற்கரை ஊர்களுக்கு வந்தது. உறியில் மாதக்கணக்கில் கிடக்கும். இரண்டு விரல் அளவு மாசியை இடித்து, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்த் துருவல் சேர்த்து நசுக்கி, எலுமிச்சை பிழிந்தால் சம்பல். அடுப்பே வேண்டாம்! ஹஜ்ஜுப் பெருநாள் கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக் காயவைத்த உப்புக்கண்டமும் அவ்வாறே. ஒரு நாள் பாடுபட்டு ஒரு மாதம் உண்பது என்பதை நமக்கு முன்பே கண்டவர்கள் அவர்கள். உறைந்த விழுதுக் கட்டியை அந்த வரிசையில் ஒன்றாக மாமியிடம் காட்டினால், முகம் சற்று இளகக்கூடும். அதோடு, கஞ்சிக்கு விழுது, தாளிப்புக்கு மட்டும் அன்றன்று மாமி கையால் தட்டிய ஒரு துண்டு இஞ்சி என்று சமாதானம் செய்துகொள்ளுங்கள். மணத்தில் பெரும்பகுதி அந்தக் கடைசித் துண்டிலிருந்தே வருகிறது. (மாசிச் சம்பல் ஸஹருக்கு வேண்டாம், உப்பு நாளெல்லாம் தாகமெடுக்கவைக்கும். இரவுச் சாப்பாட்டோடு வையுங்கள்.)

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். அஸருக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளிகளோடு பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கிறோம். தமிழக அரசு 2001ஆம் ஆண்டிலிருந்து நோன்புக் கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கிவருகிறது. ஊர்ச் செல்வர்கள் கறியும் தேங்காயும் தருகிறார்கள். அத்தனை பெரிய தேக்சாவில் வெந்த கஞ்சியின் சுவை நம் குக்கருக்கு வராது. அது வீடு வந்துசேரும் நாளில் நாமும் ஒரு கஞ்சி காய்ச்சுவது யாருக்காக?

அண்டைவீட்டாரோடு முறை வைத்துக்கொள்வதும் நன்று. நான்கு வீடுகளில் நான்கு பெண்கள் தனித்தனியே கஞ்சி, வடை, கடற்பாசி, சர்பத் என நான்கும் செய்வதற்குப் பதிலாக, வீட்டுக்கு ஒன்றாக நான்கு வீட்டுக்கும் சேர்த்துச் செய்து, மஃரிபுக்கு முன் தட்டை மூடி அனுப்பிக்கொள்ளலாம். இரண்டு மடங்கு கஞ்சிக்கு இரண்டு மடங்கு எரிவாயு ஆவதில்லை. இரண்டு மடங்கு நேரம் ஆவதே இல்லை. தட்டு அனுப்புவது நமக்குப் புதிதுமன்று. குழம்பு வைக்கும்போது நீரைச் சற்றுக் கூட்டி அண்டைவீட்டாரை நினைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதில் முறை மட்டும் சேர்க்கிறோம். கதீஜாவின் வடை நம் வடையைவிடப் பெரிதா என்ற ஒப்பீடு நுழைந்துவிட்டால் ஒரு வாரத்தில் இது முறிந்துபோகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பார்த்திருக்கிறேன்.

சகோதரர்களே, இது பெண்கள் பக்கம் என்று புரட்டிவிடாதீர்கள். வீட்டிலிருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டார்க்கு வேலைகளில் துணையாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்திருக்கிறார்கள். பழம் அரிவதற்கும், சர்பத் கலக்குவதற்கும், நோன்பு திறந்த பாத்திரங்களைக் கழுவுவதற்கும் கைப்பக்குவம் எதுவும் வேண்டியதில்லை. இருபது வயதுக் கொழுந்தன் ஒருவன் வீட்டில் இருக்கிறான் என்பதை அக்கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தேன்.

பெருநாள் வட்டலப்பத்தைக் கேட்டோருக்கு: பத்து முட்டை, இரண்டு தேங்காயின் கெட்டிப்பால், அரைக்கிலோ சீனி, ஏலம். நுரைக்க அடிக்காமல் கலக்கி வடிகட்டி, பாத்திரத்தின் வாயைத் தாளால் மூடிக் கட்டி, நீர் சொட்டாதபடி, மிதமான தீயில் நாற்பது நிமிடம் ஆவியில் வையுங்கள். தீ கூடினால் உள்ளே துளை விழும். பிறை பார்த்த இரவில் இதைத் தொடங்காதீர்கள். பிறை எப்படியானாலும் இருபத்தொன்பதாம் நாள் முற்பகலிலேயே செய்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போனால் அன்றிரவு பிள்ளைகளுக்கு ஒரு கீற்று வெட்டிக்கொடுக்கலாம். உப்புக்கண்டத்தின் அளவுகளை ஹஜ்ஜுப் பெருநாள் இதழில் தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.